டுரியான் தோட்டத்துக் கொசுவலை

கோப்பெங்,
ஜூலை மாதம், ஞாயிறு காலை.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். முகம் பார்த்துப் பேசப் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய், சிரி. போனைக் கையில் எடுத்தாலே அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? ரசப்பொடியும் முறுக்கும் பார்சல் போடுகிறேன், அதோடு இதையும் வைத்துவிடுகிறேன், முறுக்கை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீ தனியாக உட்கார்ந்து படி. போன மாதம் நீ அழுதுகொண்டே, அப்பாவை இனிமேல் டுரியான் தோட்டத்துக்குப் போக விடாதீங்கம்மா, ஒரு தடவை பொழைச்சு வந்தது போதும், என்று சொன்னாயே, நானும் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினேனே, அந்தத் தலையாட்டல் பொய். சீசன் தொடங்கிய நாளிலிருந்து அப்பா தோட்டத்துக்குத்தான் போகிறார், பழம் ராத்திரியில்தானே விழும், அதனால் ராத்திரிக் காவலும் இருக்கிறார். போக விட்டது நான்தான். கோபப்படு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

போன வருஷம் அவர் படுத்தது உனக்குத் தெரியும், எப்படிப் படுத்தார் என்பதை நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. டப்ளினில் இருந்துகொண்டு நீ என்ன செய்ய முடியும் என்று மறைத்துவிட்டேன். காய்ச்சல் வந்ததும் எல்லாரையும் போல நாங்களும் டெங்கி என்றுதான் நினைத்தோம், இந்தப் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்கி, வேறு பெயரே கிடையாது. தோட்டத்தில் அப்பாவோடு காவல் இருக்கிற சீனி மாமா பப்பாளி இலையைப் பிழிந்து கொண்டுவந்தார், அப்பாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு காலையும் மாலையும் குடித்தார், காய்ச்சல் விட்டுவிட்டு வரும், நடுக்கம் வந்தால் கட்டிலே ஆடும். நான் கிளினிக்குக்குப் போகலாம் என்றால், பப்பாளி எலை வேலை செய்யட்டும், ரெண்டு நாள் பாப்போம் லா, என்று அவரும் சீனி மாமாவும் ஒரே குரலில் சொல்வார்கள். கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆளையே அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஈப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தைப் பார்த்துவிட்டு மலேரியா என்றார்கள். மலேரியா வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி இல்லையா என்று நான் கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார், இது குரங்குக்கு வருகிற மலேரியா, காட்டோரத்தில் குரங்கைக் கடித்த கொசு மனுஷனையும் கடித்தால் மனுஷனுக்கும் வரும், பொழுது சாய்ந்த பிறகு கடிக்கிற கொசு இது, என்றார். சிறுநீரகம் அடி வாங்கிவிட்டது, மருந்து வேலை செய்யும் என்றுதான் நம்புகிறோம், ஆனால் எதற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். அன்றைக்குத்தான் நான் உனக்குப் போன் செய்து, அப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல் என்று சொன்னேன். மூக்கிலும் கையிலும் குழாயைச் செருகி அவர் கிடந்த கோலத்தை நான் பார்த்ததே போதும், நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

பிழைத்து வந்தார். ஆனால் வந்தவர் பாதி ஆளாகத்தான் வந்தார் மகளே. தோட்டத்துப் பேச்சை எடுக்கக் கூடாது என்று நீ சொன்னாய், நானும் எடுக்கவில்லை. காலையில் எழுந்து டிவிக்கு முன்னால் உட்காருவார், மத்தியானம் அங்கேயே சாப்பிடுவார், சாயங்காலம் வாசலில் நின்று மலைப் பக்கம் பார்ப்பார். எஸ்டேட்டை விற்று எங்களையெல்லாம் லயத்து வீடுகளிலிருந்து கிளப்பினார்களே, அப்போது ஊரே செம்பனைத் தோட்ட வேலையைத் தேடிப் போனபோது இவர் ஒருவர்தான் மலையடிவாரத்துத் துண்டு நிலத்தில் கன்று நட்டுத் தோளில் தண்ணீர் சுமந்தவர். அந்த மரங்களை விற்றுவிடலாமா என்று நான் ஒரு நாள் கேட்டேன். எழுந்து போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டார், எங்கே போவது என்று தெரியாமல் திரும்பவும் கழற்றி மாட்டினார். காய்ச்சல் அவரைக் கொல்லவில்லை, நாற்காலி கொன்றுவிடும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றிவிட்டது. மரத்தில் பூ பிடித்ததும் நானே சொன்னேன், போங்க, ஆனா நான் சொல்றபடிதான் படுக்கணும். அந்த வார்த்தையைச் சொன்னவள் நான் என்பதால் அதைக் காப்பாற்றுகிற பொறுப்பும் என்னுடையதுதான்.

சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து தோட்டத்துக் குடிசைக்குள் மருந்து அடித்தார்கள், காவல் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கெலம்பு கொடுத்தார்கள். சாதாரணக் கொசுவலை இல்லை, நூலிலேயே மருந்து ஏற்றியது, கொசு அதன்மேல் உட்கார்ந்தாலே செத்துவிடும். எடுத்ததும் நிழலில் ஒரு நாள் விரித்துப் போடச் சொன்னார்கள், வெயிலில் காயப்போடக் கூடாது, துணி வெளுக்கிற குளோராக்ஸ் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அழுக்கானால் குளியல் சோப்பைப் போட்டு மெதுவாக அலசினால் போதும். வலை மட்டும் போதாது, பொழுது சாயும் நேரத்தில் முழுக்கைச் சட்டை போடு, கைகாலில் கொசு மருந்து தடவு, காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் கொடு, என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சீனி மாமா தன் வலையைக் கொண்டுபோய்க் கோழிக் கூண்டுக்குப் போர்த்திவிட்டார், கேட்டால், கோழிக்கும் கொசு கடிக்குது தங்கச்சி, என்கிறார். நான் கூண்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து, கோழி எச்சத்தை அலசி, நிழலில் உலர்த்தி, அவர் மனைவி ராக்காயி கையில் கொடுத்து, இனிமேல் இது கோழி மேலே இருந்தா உங்க வீட்டுக்காரரைக் கூண்டுக்குள்ள படுக்க வைங்க, என்றேன். ராக்காயி இரண்டு நாள் சிரித்தாள்.

ஆனால் உண்மையான வில்லங்கம் நம் வீட்டில்தான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அப்பாவுக்குப் பிடித்த நெத்திலி சம்பலை வைத்து, சோறும் கட்டிக்கொண்டு நானே குடிசைக்குப் போனேன். வலை கட்டியிருந்தது. மூன்று பக்கம் பாயின் கீழே அழகாகச் செருகியிருந்தது, நாலாவது பக்கம் மட்டும் சுருட்டி மேலே கயிற்றில் கட்டியிருந்தது. பக்கத்துப் பலகையில் சீனி மாமாவின் வலையும் அதே கோலம். இது என்னங்க என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார், அந்தப் பக்கம் ஐயா கோயில் இருக்குல்ல, ராத்திரி ஐயா நடந்து வர்ற வழி அது, அடைச்சா நல்லதில்ல. உனக்கு ஞாபகம் இருக்கும், தோட்டத்து மேட்டில் இருக்கும் நம் முனியாண்டி கோயில், எஸ்டேட் காலத்திலிருந்தே காவல் இருக்கிறவர்கள் ஐயா வழியை மறித்துப் படுக்க மாட்டார்கள், பலகையைக்கூட அந்தத் திசைக்குக் கால் நீட்டாதபடிதான் போடுவார்கள். அந்தப் பழக்கத்தை இவர்கள் அப்படியே கொசுவலைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்து வைத்தால் உள்ளே வந்த கொசு வெளியே போக வழி தெரியாமல் ராத்திரி முழுக்க அவரோடேயே குடித்தனம் நடத்தும். கொசுவுக்கு வாசல் வைத்து வீடு கட்டிக் கொடுத்த ஒரே மனுஷன் உன் அப்பாதான் என்று சொன்னேன், சீனி மாமா சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. போன வருஷம் நான் பொழச்சு வந்ததே ஐயா புண்ணியம் துளசி, அவருக்கே வழியை அடைக்கச் சொல்றியா, என்றார். நானும்தானே ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஐயாவைக் கூப்பிட்டு அழுதவள்.

பேசிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. பிறகு பூசாரி பழனியப்பனிடம் போனேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு அண்ணே, என்றேன். அவர் நைசாக நழுவினார், ஐயா சமாச்சாரத்துல நான் யாரும்மா சொல்றதுக்கு, வேணும்னா பூ போட்டுக் கேப்போம், என்றார். அப்பாவும் அதற்குச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து, வெற்றிலையில் ஒரு பொட்டலம் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலம் சிவப்பு அரளி, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து ஐயா காலடியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் வலையை மூடலாம், சிவப்பு வந்தால் திறந்தே இருக்க வேண்டும். நீயே எடும்மா என்று பூசாரி என்னைத்தான் எடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். சிவப்பு. என் கையாலேயே சிவப்பை எடுத்தேன் தினேசு. அப்பா விபூதி பூசிக்கொண்டார், அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எல்லாரும் கீழே இறங்கிய பிறகு நான் மட்டும் நின்றேன். ஐயா, உங்ககூடச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல, ஆனா இந்த விஷயத்துல நீங்க சொன்னதை நான் கேக்கப் போறதில்ல, என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பொழுது இறங்கும் நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கொசு மருந்து தடவவில்லை, முழுக்கைச் சட்டை போடவில்லை, வீட்டில் போடும் அதே அரைக்கைக் கவுன்தான். வலை திறந்திருந்த பக்கத்தில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா உள்ளே சாய்ந்திருந்தார், என்ன பண்ற, என்றார். ஐயாவுக்கு வழி வேணும்னா இருக்கட்டும், நான் ஓரமாத்தான் உக்காந்திருக்கேன், கொசு உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட வந்துட்டுப் போகட்டும், என்றேன். வீட்டுக்குப் போ என்றார். நான் நகரவில்லை. சீனி மாமா, எந்திரிச்சிரும்மா தங்கச்சி, இது வெளையாட்டு இல்ல, என்று கெஞ்சினார். விளையாட்டு இல்லை என்று எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கடிக்க ஆரம்பித்தது, கணுக்காலில், முழங்கையில், கழுத்தில். நான் அடிக்கவும் இல்லை, சொறியவும் இல்லை. மேலே மரத்தில் குரங்குக் கூட்டம் அடைந்து சலசலத்துக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது மகளே, அந்தக் குழாய்களும் மஞ்சள் கண்ணும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தன, இந்தத் தடவை நான் கிடந்தால் பக்கத்தில் யார் நிற்பார் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் எழுந்திருக்கக் கூடாது, இன்றைக்கு எழுந்தால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

கடைசியில் எழுந்து வெளியே வந்தார். உனக்குப் பைத்தியமா லா, என்று கத்திக்கொண்டே என் கையில் உட்கார்ந்திருந்த கொசுவை ஓங்கி அடித்தார். டார்ச் வெளிச்சத்தில் உள்ளங்கையைப் பார்த்தார், என் ரத்தம் அதில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார், கத்தல் நின்றுவிட்டது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார், என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ள வா, என்றார். நாங்கள் இருவரும் உள்ளே போனதும் கயிற்றை அவரே அவிழ்த்தார், சுருட்டி வைத்திருந்த பக்கத்தை இறக்கினார், பாயின் கீழே மூலைமுடுக்கெல்லாம் செருகினார். பிறகு அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்து, வலைக்குள்ளிருந்தே கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். ஐயா, இவமேல கோவப்படாதீங்க, இவ சொன்னா கேக்க மாட்டா, இந்தப் பக்கம் அடைச்சிட்டேன், நீங்க கொஞ்சம் சுத்திப் போங்க, என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்காக அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

சீனி மாமாவும் தன் வலையை இறக்கிவிட்டார், உடையப்பனே எறக்கிட்டான், நான் மட்டும் எதுக்கு ஐயாவுக்கு வழி வச்சிக்கிட்டுப் படுக்கணும், என்றார் அப்பாவைக் காட்டி. இப்போது ராத்திரியில் பழம் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள், வெளிச்சம் வந்த பிறகு முழுக்கைச் சட்டையோடு போய்ப் பொறுக்குகிறார்கள். காட்டுப்பன்றி தின்றது போக மீதிதான், அப்பா முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். எனக்குக் கடித்ததை நினைத்து நீ அங்கே உட்கார்ந்து நடுங்காதே, கிளினிக்கில் போய் நடந்ததைச் சொன்னேன், நன்றாகத் திட்டினார்கள், உடம்பு சுட்டால் உடனே வா என்றார்கள், நாள் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. நான் செய்தது தப்பு வழிதான், நீ யாருக்கும் சொல்லிக் கொடுக்காதே. ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் பக்கத்தில் இல்லாத ராத்திரியில் அவருக்கு மனசு உறுத்தும், எழுந்து அந்தப் பக்கத்தை மறுபடியும் சுருட்டிவிடுவார். அதனால் வீட்டிலிருந்த பெரிய தலையணை இரண்டையும் எடுத்துக்கொண்டு நானும் அங்கேயே போய்விட்டேன், கிளினிக்கில் கேட்டு இரண்டு பேர் படுக்கிற மருந்து வலையும் வாங்கிவிட்டேன். இப்போது கொசு மருந்து தடவாமல் நான் வீட்டுப் படி இறங்குவதில்லை. பெண்பிள்ளை காவல் குடிசையில் படுக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர் ராமையா தாத்தா கேட்டாராம். வழக்கம் இல்லை, நான் படுக்கிறேன், அவ்வளவுதான். ராக்காயி வீட்டில் தனியாக இருக்க முடியாமல் அவளும் வரப்போகிறேன் என்கிறாள். ஐயா கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை, இந்த வருஷம் மரம் நிறையப் பழம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும், உங்கள் வீட்டில் சீக்கிரம் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கட்டும், வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிருக்குத் தலைக்கு ஏதாவது கட்டிக்கொள். ஒன்றை மறந்துவிடாதே. உன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடும் பழக்கத்தை சீசன் முடியும்வரை விட்டுவிடு, அப்போது இங்கே பொழுது சாய்ந்துவிடும், வீட்டில் எடுக்க ஆள் இருக்காது, தோட்டத்தில் லைனும் கிடைக்காது. காலையில் நீ காபி குடிக்கும் நேரத்தில் கூப்பிடு. அப்பா எடுத்தால், போகாதீங்க என்று சொல்லாதே. நாலு பக்கமும் இறக்கினீங்களா என்று மட்டும் கேள். என்னிடம் பொய் சொன்னாலும் சொல்வார், உன்னிடம் சொல்ல மாட்டார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா துளசி